பரிசோதனைப் பட்டியலில் இல்லாத உறுப்பு

மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்து வருபவரின் கையில் ஒரு கத்தைத் தாள் இருக்கும். சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், இதயத்துக்கு இசிஜி, தைராய்டுக்கு டிஎஸ்எச் என்று உறுப்புக்கொரு வரி. ஆணின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதமும் பெண்ணின் எடையில் 30 சதவீதமுமாக இருக்கும் எலும்புத் தசையைப் பற்றி அதில் பொதுவாக ஒரு வரிகூட இருக்காது. உடற்கூறியல்படி ஒவ்வொரு தசையும் தனக்கென நரம்பும் ரத்தக் குழாயும் கொண்ட ஓர் உறுப்பு. நாமோ அதை எலும்பை இழுக்கும் கயிறாகவும் பயில்வானின் அணிகலனாகவுமே பார்க்கிறோம். பேச்சு வழக்கில் கொழுப்பு ஏறுவதையே ‘சதை போட்டுவிட்டது’ என்கிறோம். இரண்டும் நமக்கு ஒன்றாகிவிட்டன. சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய தமிழ்நாட்டுக்கு இந்த மறதி கட்டுப்படியாகாது.

சாப்பிட்ட சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் கலந்ததும் அதை இறக்கிவைக்கக் கிடங்கு வேண்டும். கல்லீரல் சுமார் 100 கிராமைக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கும். தசைகளில் சுமார் 400 கிராம் தங்கும். இன்சுலினின் உந்துதலில் ரத்தத்தைவிட்டு வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பகுதி தசைக்குத்தான் போகிறது. தசை செல்லுக்குள் இருக்கும் ‘குளுட்-4’ என்ற புரதம் இன்சுலின் வந்ததும் மேற்பரப்புக்கு ஏறிச் சர்க்கரையை உள்ளே விடுகிறது. ஆனால், தசை சுருங்கி விரிந்தாலே போதும், இன்சுலினை எதிர்பாராமலும் அது மேலே வரும். இன்சுலினுக்குச் செவிசாய்க்காத உடம்பிலும் இந்த இரண்டாவது வாசல் திறந்தே இருக்கிறது என்பது என்னைப் பொறுத்தவரை உடலியங்கியலின் மிக நம்பிக்கையூட்டும் செய்திகளில் ஒன்று. தசையின் வேலை சர்க்கரையோடு முடிவதில்லை. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. உழைக்கும் தசை சுரப்பியைப் போல ரத்தத்தில் சில பொருள்களை விடுகிறது என்பதை கோபன்ஹேகனில் பென்டே கிளார்லுண்ட் பெடர்சனின் குழு காட்டியது. அவற்றுக்கு மயோகைன் என்று பெயர்.

ஒல்லியாக இருப்பவருக்கு இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். 2004-இல் ‘லான்செட்’ இதழில் இரு மருத்துவர்கள் தங்களையே சான்றாக வைத்தார்கள். புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் ஜான் யுட்கின் இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை பார்க்கும் இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒல்லியான தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருப்பது இந்தியர்களிடம் பரவலாகக் காணப்படும் உடல்வாகு. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அத்தனை பேரையும் எடையை மட்டும் பார்த்து ‘உடம்பைக் குறையுங்கள்’ என்று அனுப்பினால், பட்டினி கிடந்து கொழுப்போடு தசையையும் கரைத்துக்கொள்வார்கள்.

உடலுழைப்பு இருக்கும் ஊரில் இது தேவையற்ற பேச்சு என்பது ஒரு மறுப்பு. அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணற்று ராட்டினமும் ஒரு காலத்தில் தசையைக் காத்தன என்பது உண்மை. அவை பெண்களின் முதுகை ஒடித்தன என்பதும் உண்மை. அவை திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலை போன இடத்தில் வேறொன்றை வைத்தோமா என்பதே கேள்வி. காலை நடை போதும் என்பது இன்னொரு மறுப்பு. நடை இதயத்துக்கு நல்லது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியைத் தனியாகவே கேட்கிறது. வயதானால் தளர்வது இயற்கைதானே என்பார்கள். 1990-இல் பாஸ்டனில் 86 முதல் 96 வயது வரையிலான முதியோர் சிலருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தபோது அவர்களின் கால் வலு சராசரியாக இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. பயிற்சியோடு புரதமும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் பரிந்துரைக்கப்படுகிறது. சோறு மிகுந்த தட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஏறாமல் அந்த அளவு எளிதில் வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கூட்ட வேண்டும்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், கைப்பிடி வலு 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியது. வலுக்குறைவு நோயின் அடையாளமாக இருக்கலாம், காரணமாக இருக்க வேண்டியதில்லையே என்று கேட்பது நியாயம். ஆனால் பரிசோதனை என்பதே அடையாளத்தைத் தேடுவதுதான். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பவர் அது காரணத்தைச் சொல்லவில்லை என்று தூக்கி எறிவதில்லை.

சோதிக்கச் செலவும் இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், தசை வலுவைக் கவனிக்க வேண்டும் என்கிறது ஆசிய வல்லுநர் குழுவின் 2019 வரையறை. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீடு தேடி வருகிறார்கள். அத்திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அவர்கள் எழுதும் பதிவேட்டில் இந்த நாற்காலிச் சோதனைக்கும் அரசு ஒரு கட்டம் ஒதுக்கட்டும்.