"கவனமாக இரு" என்று சொன்னால் போதுமா?

கொழுந்து மடுவத்தில் வரிசையில் நிற்கும்போது தொலைபேசி அடிக்கிறது. மறுமுனையில் மரியாதையான குரல். "அம்மா, உங்கட சேமலாப நிதியில இன்னும் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கு. வங்கியில போடத்தான் எடுக்கிறோம். இப்ப உங்கட போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க."

நம்பர் வருகிறது. அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியும் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். அந்தத் தாய் இலக்கங்களை மட்டும் பார்த்து வாசிக்கிறார். முப்பது வருடம் மலையில் நின்று சேர்த்த பணம் போக ஐந்து நிமிடம்கூட எடுப்பதில்லை.

அதன் பிறகு எல்லோரும் அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நீ ஏன் சொன்னாய்?" கணவர் கேட்கிறார், மகன் கேட்கிறான், வங்கியிலும் அதையே கேட்கிறார்கள். வெட்கத்தில் அவர் வாய் திறப்பதில்லை. பல வீடுகளில் இந்தக் கதை லயத்துச் சுவரைத் தாண்டி வெளியே வராததற்கு இதுவே காரணம். நாம் கேட்க விரும்புவது வேறு கேள்வி: அந்த அழைப்பை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது யார்?

வேடங்கள் பல. குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது என்பார்கள். அஸ்வெசும பணம் நிறுத்தப்படப் போகிறது என்பார்கள். பொதி வந்திருக்கிறது, கட்டணம் கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் போலிச் செய்தி பரவியபோது, அது தங்களுடையது அல்ல என்று திணைக்களமே அறிவிக்க வேண்டி வந்தது. வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரே ஒரு முறை அடித்து நின்றுவிடும் அழைப்பும் இந்த வகைதான். யாரோ பிள்ளை எடுத்திருக்கிறது என்று திருப்பி எடுத்தால், ரீலோட் போட்ட காசு கரைந்துவிடும்.

இது தெருமுனைத் திருடனின் வேலையல்ல. 2024 ஒக்டோபரில் கண்டி குண்டசாலையில் ஒரு ஹோட்டலைச் சுற்றிவளைத்த பொலிஸார், இணைய மோசடி தொடர்பாக நூறுக்கும் மேற்பட்ட சீனர்களைக் கைது செய்தார்கள். அதே ஆண்டில், நல்ல சம்பளத்துக்கு வேலை என்று நம்பிப் போய் மியன்மாரின் மியாவடியில் மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்த இலங்கை இளைஞர்கள் மீட்டுவரப்பட்டார்கள். அழைப்பவனும் சில வேளை அடித்து வேலை வாங்கப்படும் கூலிதான் என்பதைத் தொழிற்சங்கக்காரர்கள் மறக்கக் கூடாது. லாபம் போய்ச் சேரும் இடம் வேறு.

அந்த லாபத்தின் வழியில் தொலைபேசிக் கம்பனிகளும் நிற்கின்றன. அழைப்பும் செய்தியும் அவர்களுடைய கம்பியிலும் கோபுரத்திலும்தான் வருகின்றன. தண்ணீர் என்றும் சாக்கு என்றும் சொல்லி நம் கொழுந்தில் கிலோ கணக்காகக் கழிக்கத் தெரிந்த நாட்டில், ஒரு வங்கியின் பெயரைப் போட்டுக்கொண்டு வரும் செய்தி உண்மையில் அந்த வங்கியினுடையதுதானா என்று நிறுத்துப் பார்க்க ஆளில்லையா?

முடியாத காரியமல்ல. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓ.சீ.பி.சீ. வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. வங்கியின் உண்மையான செய்திகளுக்குக் கீழேயே அவையும் போய் அமர்ந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் சிங்கப்பூர் டொலரை இழந்தார்கள். ஊரே கொதித்தது. வங்கி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அதோடு விடவில்லை. 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயரில் வரும் செய்தியின் தலையில் "மோசடியாக இருக்கலாம்" என்ற முத்திரை விழுகிறது. 2024 டிசம்பர் 16 முதல், வங்கி தன் கடமையில் தவறியிருந்தால் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும். வங்கி சரியாக நடந்து தொலைபேசிக் கம்பனி தவறியிருந்தால் கம்பனி கட்ட வேண்டும்.

அங்கும் ஓட்டை இருக்கிறது. அந்த ஏற்பாடு போலி இணையத்தளங்களில் ஏமாந்தவர்களுக்கே. வாயால் நம்பரைச் சொன்ன நம் தாய்க்கு அதில் இடமில்லை. பிரித்தானியா இன்னொரு வழியில் போயிருக்கிறது. ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே பணம் அனுப்பியவருக்கும், 2024 ஒக்டோபர் 7 முதல், 85,000 பவுண் வரை திருப்பிக் கொடுக்க வேண்டும். பணத்தை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஜனாதிபதியின் குரலைப் போலவே இயந்திரத்தில் செய்த குரலால் வாக்காளர்களுக்கு அழைப்புகள் போயின. அவற்றைக் கடத்திவிட்ட தொலைபேசிக் கம்பனி பத்து லட்சம் டொலர் கட்ட வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் நட்டஈடு கேட்பதென்றால் முதலில் திருடன் பிடிபட வேண்டும், குற்றவாளி என்று நீதிமன்றம் காண வேண்டும். வெளிநாட்டில் இருப்பவனை ஹட்டனில் இருக்கும் தொழிலாளி எப்படிப் பிடிப்பது? 1,700 ரூபா என்று பேசி 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் வந்து நின்ற 2024ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்தச் சில நூறு ரூபாவுக்கு எத்தனை நாள் வீதியில் நின்றோம்! அதைவிடப் பெரிய தொகை ஒரே அழைப்பில் போகிறது.

ஆகவே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் மத்திய வங்கியிடமும் நாம் கேட்பது இவை. நிறுவனப் பெயரில் செய்தி அனுப்புபவர்கள் பதிவு செய்யப்பட வேண்டும், பதிவில்லாதது முத்திரையோடு வர வேண்டும். இழப்பை வங்கியும் கம்பனியும் பகிர வேண்டும், வாயால் சொன்னவர்களும் அதற்குள் வர வேண்டும். வங்கிச் செய்திகள் வாடிக்கையாளர் கேட்கும் மொழியில், நமக்குத் தமிழில், வர வேண்டும். மூன்றாவதைச் செய்யப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. "உன் வங்கிக் கணக்கையும் காட்டையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று கேட்பவர்கள் தோட்டங்களுக்குள்ளும் வருவார்கள். திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். பொலிஸ் வரும்போது கணக்கின் சொந்தக்காரன் மட்டும்தான் வீட்டில் இருப்பான். அடையாள அட்டையைக் கொடுத்து வேறொருவருக்கு சிம் எடுத்துக் கொடுப்பதும் இதே வினைதான்.

பணம் போய்விட்டதென்று தெரிந்தால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. உடனே வங்கிக்கு எடுத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். முதல் ஒரு மணித்தியாலம் முக்கியம். செய்தியையும் அழைப்பு இலக்கத்தையும் அழிக்காதீர்கள். இணைய மோசடிகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101, வங்கி கைவிரித்தால் மத்திய வங்கியின் இலக்கம் 1935. பொலிஸில் தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. தனியாகப் போகத் தயங்கினால் தோட்டத் தலைவரையோ மாதர் தலைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டின் பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்தில் கொடுத்துவையுங்கள். ஆணைக்குழுவுக்கு நாம் அனுப்பும் கடிதத்தோடு அவற்றையும் இணைக்கப் போகிறோம்.