காயாத ஓவர்கோட்

சேலத்தில் நடந்த ஒரு வேலைவாய்ப்பு முகாமில் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசினார். பெயர் வேண்டாம். அவர் பேசியதைக் கடைவீதியில் இன்னும் பத்துப் பேர் பேசுகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் போட வெட்கம். அதனால்தான் கடை வேலைக்கு வரமாட்டேன் என்கிறார்கள். ஏற்காட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள், பஸ் ஏறுவதற்கு முன்னால் ஓவர்கோட்டைக் கழற்றிப் பைக்குள் ஒளித்துவிடுகிறார்கள். வடக்கத்திப் பையன்கள் ஒரு வார்த்தை பேசாமல் மாட்டிக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு உடம்பு வளையவில்லை." முன்வரிசை கைதட்டியது. சான்றிதழ்க் கவரை மடியில் வைத்தபடி மலைப்பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல மைக் கிடைக்கவில்லை. எனக்கு இந்தப் பக்கம் கிடைத்திருக்கிறது.

ஐயா, பஸ் நிலையத்தில் நீங்கள் பார்த்தது உண்மைதான். நானும் பார்த்திருக்கிறேன். போன ஐப்பசியில் ஏற்காடு பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்தார். நாகலூர்ப் பக்கத்து ஊர். நீல ஓவர்கோட்டைக் கழற்றி, கசங்காமல் நான்காக மடித்து, ஒரு பாலிதீன் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ஏன் இவ்வளவு பத்திரம் என்று கேட்டேன். "இது நனைஞ்சா நாளைக்கு என்னத்தப் போடறது? மலையில துணி காயாதுங்க" என்றார்.

உங்கள் கடையில் கொடுத்தது ஒன்றே ஒன்று. இரண்டாவது வேண்டுமென்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சேர்வராயன் மலையில் மூடுபனி பகல் பதினொரு மணிக்கும் விலகாது. இரவில் துவைத்த துணி காலையிலும் சொட்டும். அதனால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுகிறார்கள். அடுப்பில் எரிவது எஸ்டேட்டில் பொறுக்கிய சில்வர் ஓக் விறகு. காய்ந்த துணியில் புகை ஏறிவிடும். மறுநாள் மூன்றாவது மாடியில், சேலை பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தின் முன்னால், சூப்பர்வைசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம்: "மலையிலிருந்து வர்றியா?" இதைச் சொல்லும்போது அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை அதற்கப்புறம் நாங்கள் பேசவில்லை. இதைத்தான் நீங்கள் மேடையேறி வெட்கம் என்கிறீர்கள். உங்கள் துணியை உங்களைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர் மேல், தன் காசில் இரண்டு பாலிதீன் கவர் போட்டு மூடியவர் மேல், ஆணவப் பழி போடுகிறீர்கள்.

சீருடை மேல் இந்தப் பிள்ளைகளுக்கு வெறுப்பாம். ஏற்காட்டில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஐந்து வயதில் சீருடை போட்டவர்கள் பதினேழு வயதுவரை அதைக் கழற்றாமல் வளர்கிறார்கள். படித்து முடித்ததும் எதற்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று அவர்களில் ஒருவரையாவது கேட்டீர்களா? காவலர், வனக்காவலர், தீயணைப்பு வீரர், நர்ஸ். எல்லாமே சீருடை வேலை. காவலரைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் பெயரிலேயே சீருடை இருக்கிறது: தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். அறிவிப்பு வந்தால் லட்சக்கணக்கில் விண்ணப்பம் குவிகிறது. 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க, விடிவதற்கு முன்பே பனியில் ஓடிப் பழகும் பெண்கள் மலையில் இருக்கிறார்கள். உடம்பு வளையவில்லை என்று சொன்னது இவர்களைத்தான்.

கடையை விட்டு டெலிவரி வேலைக்கு ஓடுகிறார்கள் என்றும் குறைப்பட்டீர்கள். சேலம் ஐந்து ரோட்டில் ஒரு மாலை நின்று பாருங்கள். ஸ்விக்கி ஆரஞ்சு, சொமேட்டோ சிவப்பு, அரை மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும். உங்கள் நீல ஓவர்கோட்டுக்குக் கூச்சப்பட்டவன் அந்த ஆரஞ்சுச் சட்டையோடு தன் தெருவிலேயே எப்படி வண்டி ஓட்டுவான்? அந்த வேலையிலும் சுரண்டல் உண்டு, அதைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் சட்டைதான் காரணம் என்ற உங்கள் வாதம் அங்கே நிற்கவில்லை. ஏற்காட்டிலும் நிற்கவில்லை. ஒண்டிக்கடைப் பக்கம் மிளகும் காபித்தூளும் விற்கும் கடைகளில் சீருடையே கிடையாது. ஆள் நிற்பதில்லை என்ற புலம்பலை அங்கேயும் கேட்டிருக்கிறேன். மே மாத மலர்க்கண்காட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்து ஜூனில் போகச் சொன்னால் எப்படி நிற்பார்கள்?

சீருடை போட்டால் ஏற்றத்தாழ்வு மறையும் என்றும் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் அது உண்மை. அங்கே எஸ்டேட் கணக்குப்பிள்ளையின் மகனும், காபிப் பழம் பறிப்பவரின் மகளும் ஒரே நிறத்தில் உட்காருகிறார்கள். உங்கள் கடையில் கல்லாவில் உட்காரும் உங்கள் மகன் அந்த நீலத்தைப் போடுகிறாரா? மேனேஜர் போடுகிறாரா? யாரை அதட்டலாம், யாரை அதட்டக்கூடாது என்று வாடிக்கையாளருக்குக் காட்டும் அடையாளமாக அதை வைத்துவிட்டு, அதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டாதீர்கள்.

வடக்கத்திப் பையன்கள் வாயைத் திறப்பதில்லை என்பது உங்களுக்குப் பெருமையா? ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவன், கடை கொடுத்த அறையில் படுப்பவன், மொழி தெரியாதவன். கோபம் வந்தால் அவன் எந்த பஸ் ஏறி வீட்டுக்குப் போவான்? போக வழியில்லாதவனின் மௌனத்தை உழைப்பின் மேன்மை என்று மேடையில் காட்டக் கூசவில்லையா?

சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். அந்தப் பெண் காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு எட்டரைக்குத்தான் இறங்குவார். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. இரட்டைச் சம்பளம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

'நின்றால்' என்று தெரிந்தேதான் எழுதினேன். சென்னை ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஊழியர்களைப் பற்றி வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' 2010-இல் வந்தது. தமிழ்நாடே பார்த்து அழுதது. அழுத பிறகும் கடையில் ஒரு நாற்காலிக்குப் பதினொரு ஆண்டு ஆனது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், கழிப்பறை கேட்டுப் போராட்டத்தைத் தொடங்கிய விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' தோழிகளும் விடாமல் போராடியதால் கேரளம் 2018-இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அதே 1947 சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை வேண்டும் என்கிறது அது. நீங்கள் இருபது நிமிடம் பேசினீர்கள். அதில் நாற்காலி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. கால் நரம்பு புடைத்து, மாதவிலக்கு நாளிலும் சுவரில் சாயப் பயந்து நிற்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் போட்ட துணியின் நிறம் மட்டும்தான் உங்கள் கண்ணில் பட்டது.

அந்தப் பெண் தை மாதத்தோடு வேலையை விட்டுவிட்டார். ஓவர்கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

முகாமில் உங்கள் மேசையில் ஒட்டியிருந்த படிவத்தையும் படித்தேன். தேவை 40 பேர். வயது 18 முதல் 25. வேலை நேரம்: கடை நேரப்படி. சம்பளம் எழுதவேண்டிய கட்டத்தில் 'நேரில் பேசிக்கொள்ளலாம்.' விரலை வைத்து அந்தக் கட்டம்வரை படித்துவிட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். நான் நின்றிருந்த அரை மணி நேரத்தில் யூனிஃபார்ம் உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.