மலையேற்றமும் இறுகிய ஸ்பிரிங்கும்

கோப்பெங்கிலிருந்து வடக்கே சென்றால் சிம்பாங் பூலாய் வழியாகவும், தெற்கே சென்றால் தாப்பா வழியாகவும் கேமரன் மலைக்கு ஏறிவிடலாம். இவ்விரு மலைப்பாதைகளுக்கும் இடையில், பழைய ஈயலம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்து கிடக்கும் இச்சிற்றூரில், கார்மேல் அபிமானம் கொண்ட இளைஞர்கள் பட்டறை வாசலிலும் ஒட்டுக்கடையிலும் ஒருவருக்கொருவர் உபதேசித்துக்கொள்ளும் சித்தாந்தம் ஒன்று உண்டு. வீட்டுக்கும் வேலைக்கும் ஓடுகிற சாதாரணக் காரை மலையேற்றத்துக்குத் தகுதியாக்க வேண்டுமானால், முதலில் அதைத் தாழ்த்த வேண்டும். ஸ்பிரிங்கை இயன்றமட்டும் இறுக்க வேண்டும். பெரிய ஸ்போர்ட் ரிம்மில் அகலமான டயரை மாட்ட வேண்டும். காற்றை நிறைய ஏற்ற வேண்டும் என்பதே அது. முதற்சம்பளத்தையும் போனஸையும் இதற்கென்றே சேர்த்து வைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது. ஆகையால் இச்சித்தாந்தத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்து, அது எவ்வளவு தூரம் நியாயத்துக்கு ஒவ்வாதது என்று காட்ட முற்படுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுதல் அவசியம். நேரத்தைக் கணக்கிட்டு ஏறும் போட்டி, சாலையை மூடி, முறைப்படி அநுமதி பெற்று நடத்தப்படும் இடத்துக்கே உரியது. பொதுச்சாலையில் பந்தயம் ஓடுவது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், காய்கறி லோரி எதிரே இறங்கி வரும் வளைவில் அது பாவமுங்கூட. ஆயினும் போட்டிக்காக ஏறுகிறவனுக்கும், மனைவி மக்களோடு ஏறுகிறவனுக்கும் பௌதிக விதிகள் ஒன்றே. ஆதலால் இங்கே சொல்வன இருவருக்கும் பொருந்தும்.

“காரைத் தாழ்த்தினால் அதன் புவியீர்ப்பு மையம் இறங்கும், அது இறங்கினால் வளைவில் கார் சாயாது” என்பது முதல் வாதம். இதன் முற்பகுதி உண்மைதான். ஆனால் அந்த உண்மையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் அரியர். ஆயிரம் கிலோ எடையுள்ள சிறு கார் ஒன்றின் ஈர்ப்பு மையம் தரைக்கு மேல் 55 சென்டிமீட்டர் உயரத்திலும், இடவலச் சக்கரங்களுக்கிடையே உள்ள தூரம் 145 சென்டிமீட்டராகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு அளவான பக்கவிசையோடு அது வளைவில் திரும்பும்போது, உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் பாரம் ஏறத்தாழ 303 கிலோ. காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்திய பிறகு அது 281 கிலோ. நூற்றுக்கு ஏழு என்ற இந்த லாபத்தை நான் மறுக்கவில்லை; அதற்காகக் கொடுக்கும் விலை என்ன என்பதே கேள்வி.

நம்மவர் பெரும்பாலும் வைத்திருக்கும் மைவி, சாகா, வீரா போன்ற கார்களில் முன்சக்கரங்களைத் தாங்குவது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்னும் எளிய அமைப்பு. அதன் கீழ்க்கை, கார் தன் இயற்கையான உயரத்தில் நிற்கும்போது, ஏறக்குறைய கிடையாகவோ, சக்கரத்தை நோக்கிச் சற்றே சரிந்தோ இருக்கும். காரைத் தாழ்த்தினால் அக்கையின் வெளிமுனை உள்முனையைவிட உயர்ந்துவிடுகிறது. உடனே, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையம் இறங்கியதைக் காட்டிலும் அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரமே காரைச் சாய்க்கும் நெம்புகோல். ஆகவே சாய்வைக் குறைப்பதற்காகத் தாழ்த்தியவன், சாய்க்கும் நெம்புகோலை நீட்டிவிடுகிறான். போதாக்குறைக்கு, ஸ்டீரிங் கம்பியின் கோணமும் கீழ்க்கையின் கோணமும் ஒன்றுக்கொன்று மாறுபட்டுவிடுவதால், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அது தானாகவே சிறிது திரும்புகிறது. ஓட்டுகிறவன் கையை அசைக்காமலே கார் திசை மாறுகிறது. மேலும் சாயும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சரிந்து டயரை நேராக நிறுத்தும் குணமும் இவ்வமைப்பில் முன்னமே குறைவு. தாழ்த்திய பின் அது பெரும்பாலும் மறைந்தே போகிறது.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. சக்கரம் மேலெழும்பி அப்சோர்பரின் முடிவில் உள்ள ரப்பர்க் கட்டையில் மோதுவதற்கு முன் 8 சென்டிமீட்டர் இடம் இருந்ததென்று கொள்வோம். காரை 5 சென்டிமீட்டர் தாழ்த்தியவனுக்கு மிஞ்சுவது 3 சென்டிமீட்டர். வளைவின் நடுவில், வெளிச்சக்கரம் முன்னமே பாதி அமுங்கிய நிலையில், சாலை உள்வாங்கிய ஒரு பள்ளம் வருமானால், அந்த ரப்பர் அடிவாங்குகிறது. அக்கணத்தில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததாகி, காரின் பாரம் முழுதும் ஒரே வீச்சில் டயரின்மேல் விழ, டயர் வழுக்கிவிடுகிறது. சிம்பாங் பூலாய்ச் சாலையில் அடிக்கடி செல்கிறவர்களுக்கு அந்தப் பள்ளங்கள் தெரியும். சுண்ணாம்புக்கல் லோரிகள் அடிவாரத்தைத் தேய்க்கின்றன; மேலே மலைச்சரிவு நகர்ந்து நகர்ந்து தாரை இறக்கிவிட, ஒட்டுப்போட்ட இடங்கள் அலையலையாக நிற்கின்றன. தாப்பாச் சாலையோ பிரிட்டிஷார் காலத்தது, குறுகலானது, மரநிழலில் ஈரம் காயாதது. இவற்றைப் பந்தயத் தளத்தின் வழுவழுப்போடு ஒப்பிட்டுச் செய்யப்பட்ட ஒரு சித்தாந்தம் எப்படி இங்கே செல்லுபடியாகும்?

பணமில்லாதவர்கள் ஸ்பிரிங்கை வெட்டிவிடுவதும் உண்டு. வெட்டிய ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையை விட்டு நழுவும். தீயில் அறுத்தால் எஃகின் பதமே கெட்டுவிடும். இதைப் பற்றி வாதிப்பதற்கு எதுவுமில்லை. செய்யவே கூடாது.

இரண்டாவது வாதம் இறுக்கத்தைப் பற்றியது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க ஹை-லோ அமைப்பை வாங்கி, ஸ்பிரிங்கையும் அப்சோர்பரையும் கடைசித் திருகுவரை இறுக்கிவிட்டு, “கார் இப்போது தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடுகிறது” என்று சொல்லும் நண்பர்களின் மகிழ்ச்சியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் உணர்வது பிடிப்பை அன்று, விறைப்பை. டயரின் பிடிப்பு அதன்மேல் உள்ள பாரத்தைப் பொறுத்தது. பாரம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்கினால் பிடிப்பும் ஏறி இறங்கும். அவ்வாறு ஏறி இறங்கும்போது கிடைக்கும் சராசரிப் பிடிப்பு, பாரம் நிதானமாக நிற்கும்போது கிடைப்பதைவிட எப்போதும் குறைவே. ஏனென்றால் பாரம் இருமடங்கானால் ரப்பரின் பிடிப்பு இருமடங்காவதில்லை. மேட்டின்மேல் ஏறியவுடன் தரையை விட்டுத் துள்ளும் சக்கரம் எத்தனை விலை உயர்ந்த டயரை அணிந்திருந்தாலும் அந்தக் கணத்தில் அதற்குப் பிடிப்பு என்பது பூஜ்யம். அப்சோர்பரை நீளும் பக்கத்தில் மிகையாக இறுக்கினாலோ வேறொரு தீங்கு நேர்கிறது: அடுத்தடுத்து வரும் மேடுகளில் அமுங்கிய சக்கரம், மீண்டும் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிட, கார் படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் அந்த ரப்பர்க் கட்டையின்மேலேயே உட்கார்ந்துவிடுகிறது.

நம் நாட்டில் லோட்டஸ் என்ற பெயருக்கு ஒரு மரியாதை உண்டு. 1996ஆம் ஆண்டு புரோட்டோன் அந்நிறுவனத்தை வாங்கிய பிறகு, காரின் பின்புறத்தில் அப்பெயர் பொறித்திருப்பதை நம்மவர் பெருமையோடு காட்டுவார்கள். அந்த லோட்டஸ் 1962ஆம் ஆண்டு வெளியிட்ட இலான் என்ற சிறு கார், வளைவில் ஓடும் லாகவத்துக்காக இன்றும் பொறியாளர்களால் மேற்கோள் காட்டப்படுவது. அதன் ஸ்பிரிங்குகள் மிருதுவானவை, சக்கரம் ஏறி இறங்க இடம் தாராளமானது, அசைவைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு நன்கு அளவிடப்பட்ட அப்சோர்பர்களுடையது. 2002ஆம் ஆண்டு உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தைப் புரோட்டோன் பெர்ட் காரில் வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் என்ற புகழை அடைந்த நம் நாட்டவர் கரம்ஜித் சிங் ஓட்டியதும் கரடுமுரடான பாதைகளில்; அத்தகைய பாதைகளுக்கு ராலிக் கார்களைத் தயாரிக்கிறவர்கள் சக்கரத்தின் அசைவுக்கு இடத்தைப் பெருக்குகிறார்களேயன்றிக் குறைப்பதில்லை. பெயரைப் போற்றுகிற நாம் பாடத்தையும் கற்கக் கூடாதா?

இனி அகல டயர். “டயர் அகலமானால் தரையைத் தொடும் பரப்பு கூடும்” என்று சொல்கிறார்கள். ஒரு சக்கரத்தின்மேல் 300 கிலோ பாரம் இருந்து, உள்ளே 30 பவுண்டு காற்று இருக்குமானால், அப்பாரத்தைத் தாங்கத் தேவையான பரப்பு ஏறத்தாழ 140 சதுர சென்டிமீட்டர். டயரின் அகலம் 175 மில்லிமீட்டரோ 205 மில்லிமீட்டரோ, பக்கச்சுவரின் விறைப்பால் வரும் சிறு வேறுபாட்டைத் தவிர, அப்பரப்பு பெரிதும் மாறாது. மாறுவது அதன் உருவம்: நீண்டு ஒடுங்கியிருந்தது அகன்று குறுகுகிறது. அகன்று குறுகிய பரப்பு ஸ்டீரிங்குக்கு விரைந்து பணியும் என்பதும், நெடுநேரம் ஓடும் பந்தயத்தில் சூட்டைத் தாங்க அகலம் உதவும் என்பதும் மெய்யே. உலர்ந்த சாலையில் ஒரு படி அகலம் கூட்டுவதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் மலையேற்றம் சில நிமிஷங்களில் முடிவது, கேமரன் சரிவிலோ பிற்பகல் மழை அன்றாட வழக்கம். தேங்கிய நீரைப் பிளந்து தரையைத் தொடுவதில் ஒடுங்கிய டயரே வல்லது. 1960களில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் விமான டயர்களை ஆராய்ந்து கண்ட சூத்திரத்தின்படி, 30 பவுண்டு காற்றுள்ள டயர் நீர்ப்படலத்தின்மேல் மிதக்கத் தொடங்குவது ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில். கார் டயர் அகன்றும் தேய்ந்தும் இருந்தால் அதற்கு முன்னமே மிதக்கும். பெரிய ரிம்மின் எடை வேறு இருக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே ஒவ்வொரு சக்கரத்திலும் கூடும் எடையை அப்சோர்பர் ஒவ்வொரு பள்ளத்திலும் அடக்கியாக வேண்டும், எஞ்சினும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்குப் பின்னும் அதைச் சுழற்றி வேகமேற்றியாக வேண்டும்.

அகலத்தைவிட முக்கியமானவை இரண்டு, அவற்றை யாரும் கேட்பதில்லை. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகும். பூ தேயாமலிருந்தும் பிடிப்பு போய்விடும். 1877ஆம் ஆண்டில் கோலக்கங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து தொடங்கி, நம் முன்னோர் வைகறையில் பால்வெட்டி வளர்த்த தொழில் இது. ரப்பர் காய்ந்தால் என்னவாகும் என்பதைப் பேராக் தமிழனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, ரப்பரின் மென்மை. செமி ஸ்லிக் வகை டயர்கள் நன்றாகச் சூடேறிய பிறகே தம் முழுப்பிடிப்பைத் தருவன. குளிர்ந்த மலைக்காற்றில், சில நிமிஷ ஏற்றத்தில், அந்தச் சூடு வருவதற்குள் உச்சி வந்துவிடும்.

முன்சக்கர இழுவையுள்ள கார்களில் கார் சாய்வதைத் தடுக்கும் முன்புறச் சாய்வுக்கம்பியைத் தடிப்பாக்கும் பழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேட்டில் முடுக்கும்போது பாரம் பின்னோக்கிச் செல்கிறது. முன்புறத்தை இறுக்கினால் உட்பக்க முன்சக்கரம் மேலும் லேசாகி, கொண்டை ஊசி வளைவில் வீணாகச் சுழன்று புகைகிறது. கம்பி மாற்றியே தீர வேண்டுமென்றால் பின்புறத்தில், அதுவும் ஈரச்சாலையில் பின்பகுதி வெளியே ஓடாத அளவுக்கு, சிறிது கூட்டலாம்.

காற்றைப் பற்றிய வாதம் நகைக்கத்தக்கதன்று. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காற்று மிகக் குறைந்தால் வளைவில் டயர் தோள்மேல் புரளும் என்பது உண்மை. ஆனால் அதற்காக 40 பவுண்டு ஏற்றினால் டயரின் நடுப்பகுதியே பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கும். சிறு கல்லிலும் கார் துள்ளும். மலையுச்சியில் அழுத்தம் மாறிவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அடிவாரத்தில் 32 பாகை வெப்பத்தில் 30 பவுண்டு ஏற்றிய டயர், 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் 18 பாகைக் குளிரில் ஆறிய பிறகு, குளிரால் 2 பவுண்டு இழக்கும். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் 2 பவுண்டுக்குச் சற்று மேல் குறைந்திருப்பதால், அளவுகருவி அவ்வளவையும் கூட்டிக் காட்டும். ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிட, மீண்டும் 30 பவுண்டே தெரியும்.

“பெரிய பந்தயக்காரர்களெல்லாம் இப்படித்தானே செய்கிறார்கள்” என்பது எஞ்சிய வாதம். 1905ஆம் ஆண்டு தொடங்கி இன்றும் நடக்கும் இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் மலையேற்றத்தின் தூரம் 914 மீட்டர் மட்டுமே. அங்கே 1930களில் ரேமண்ட் மேஸ் பின்சக்கரங்களை இரட்டையாக மாட்டி ஏறினார் என்றால், அவருடைய காரின் சக்தி மிகுதியும் அக்கால டயரின் ஒடுக்கமும் அதற்குக் காரணங்கள். அமெரிக்காவின் பைக்ஸ் பீக்கில் 20 கிலோமீட்டரும் 156 வளைவுகளும் உண்டு. அது முழுவதும் தாரிடப்பட்ட சாலையாக ஓடப்பட்டது 2012ஆம் ஆண்டில்தான், அதற்கு முன் புழுதிச்சாலைக்கேற்ற கார்களே அங்கு வென்றன. அவரவர் தம் சாலையைப் பார்த்துக் காரை அமைத்தார்கள். நாம் அவர்கள் காரின் படத்தைப் பார்த்து நம் காரை அமைக்கிறோம்.

மூடிய சாலையில் ஏறிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தவர்கள், கம்பெனி குறித்த உயரத்தையும் ஸ்பிரிங்கையும் அப்படியே வைத்து, தேய்ந்த புஷ்களையும் சோர்ந்த அப்சோர்பர்களையும் மாற்றி, அலைன்மெண்ட் செய்து, புதிய நல்ல டயரில் தொடங்கட்டும். ஒரு முறை ஏறுவதற்கும் மறுமுறை ஏறுவதற்கும் இடையில் ஒன்றை மட்டுமே மாற்றட்டும். காற்றின் அளவைக் காண, டயரின் தோளில், பக்கச்சுவரிலிருந்து பூ தொடங்கும் இடம்வரை, சுண்ணாம்புக்கட்டியால் மூன்று நான்கு இடங்களில் கோடு இழுத்துவிட்டு ஏற வேண்டும். பல டயர்களின் தோளில் ஒரு சிறிய முக்கோணக் குறி இருக்கும். இறங்கிப் பார்க்கையில் சுண்ணாம்பு அந்தக் குறியையும் தாண்டிப் பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் 2 பவுண்டு கூட்டவேண்டும், பூவின் ஓரத்திலேயே அழியாமல் நின்றிருந்தால் 2 பவுண்டு குறைக்கவேண்டும், முக்கோணத்தின் முனையோடு நின்றிருந்தால் அந்தச் சாலைக்கும் அந்தக் காருக்கும் அதுவே அளவு.