எழுத்தும் பின்புலமும்

பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து, கீறிய அளவிலேயே நன்கு புலப்படுவதில்லை. ஓலையின் நிறமும் கீறலின் நிறமும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் கரி கலந்த மையைச் சுவடியின்மீது தடவித் துடைத்தனர். கீறலுக்குள் மை தங்கியது, எழுத்து துலங்கியது. படிக்கும் கண் முதலில் நாடுவது அழகிய நிறத்தையன்று. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டையே. ஏடெழுதியோர் பட்டறிவால் கண்ட இவ்வுண்மையைத் திரையை வடிவமைப்போர் பலர் மறந்துவிட்டனர்.

இவ்வேறுபாட்டை அளக்க இயலும். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தின் ஒளிர்வு விகிதம் 21:1. இதுவே உச்ச அளவு. இணையப் பக்கங்களுக்காக 2008ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு நெறிமுறை, இயல்பான அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது. வெள்ளையில் மஞ்சள் எழுத்தோ 1.07:1 என்ற அளவிலேயே நிற்கிறது. கறுப்பில் தூய நீலம் ஏறத்தாழ 2.4:1. நிறங்கள் வேறுபட்டால் போதும், எழுத்து தெரியும் என்று எண்ணுவது பிழை என்பதற்கு இவ்வெண்களே சான்று. வெண்பக்கத்தில் வெளிர்சாம்பல் எழுத்தை இட்டு, அதனை நாகரிகம் எனக் கொள்ளும் வழக்கம் படிப்பவரை மதியாத வழக்கமாகும்.

2019ஆம் ஆண்டு முதல் திறன்பேசிகளின் இயங்குதளங்களிலேயே ‘டார்க் மோடு’ எனப்படும் இருள்நிலை இடம்பெற்றுள்ளது. கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து கண்ணைக் காக்கும் என்னும் நம்பிக்கையும் அதனோடு பரவியது. இந்நம்பிக்கை பாதியளவே மெய். இருண்ட அறையில் வெண்திரையின் கூச்சத்தை அது தணிக்கும். கண்புரை உள்ள முதியோர்க்கும் உதவக்கூடும். ஆயினும், திரை இருண்டால் கண்பாவை விரிகிறது. பாவை விரிந்தால், விழியின் ஒளியியல் குறைகள் மிகுதியாக வெளிப்பட்டு எழுத்தின் விளிம்பு மங்குகிறது. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாதோர்க்கு, அதாவது சிதறல் பார்வை உடையோர்க்கு, வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசிவதுபோல் தோன்றும். தமிழுக்கு இது சிறிய இடர்ப்பாடன்று. புள்ளி மங்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும். சுழி கலங்கினால் னகரமும் ணகரமும் மயங்கும். நல்ல வெளிச்சத்தில் நெடுநேரம் படிப்பதற்கு வெளிர்ப்பின்புலத்தில் கரிய எழுத்தே ஏற்றது.

தேர்வுக்கு முந்தைய இரவு, வீட்டார் உறங்கிய பின் விளக்கை அணைத்துவிட்டு, பாடநூலின் விரைவுக் குறியீட்டைத் திறந்து படிக்கும் மாணவர் எத்தனையோ பேர்! ஒரே வரியை மும்முறை படித்தும் மனத்தில் பதியாதபோது, தமக்குக் கவனம் போதவில்லை என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்கின்றனர். குறை, திரையிலும் இருக்கலாம். திரையை உற்று நோக்கும்போது கண் இமைப்பது குறைகிறது, விழியின் ஈரம் உலர்கிறது, எரிச்சல் தொடங்குகிறது. எந்த நிறத்தைத் தேர்ந்தாலும் இது மாறாது. அறையில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். திரையின் ஒளியை அவ்வெளிச்சத்துக்கு இணையாகக் குறைத்து, எழுத்தைச் சற்றே பெரிதாக்கி, இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை தொலைவில் உள்ள பொருளை நோக்கினால் அயர்ச்சி குறையும். அதன் பின்னும் எழுத்து கலங்கித் தெரிந்தால், நாட வேண்டியது கண் மருத்துவரை.