மாமா கேட்ட கேள்வி

அவுட்சோர்சிங்கால் வேலை போகிறது என்று இங்கே அமெரிக்காவில் ஆபீசில் பேச்சு வந்தால் நான் வாயைத் திறப்பதில்லை. நான் வந்ததே அந்த வழியில்தான்.

எனக்கு ஊர் செங்கல், பாறசாலைக்குப் பக்கம். 1956-ல் மாநிலம் பிரித்தபோது எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. மாமா வீடு இருக்கும் அருமனை தமிழ்நாட்டுக்குப் போனது. (எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் இன்றும் இரண்டு மொழியில்தான்.) 2003-ல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் எனக்கு வேலை கிடைத்தது. மாமா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்தின் உள்தோலில் கத்தி படாமல் பட்டையை மட்டும் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரம் கெட்டுவிடும், குறைந்தால் பால் வராது. கை பழக வருஷக்கணக்காகும்.

2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே வந்தது. இறக்குமதி மட்டும் காரணமில்லை. தென்கிழக்கு ஆசியாவில் நட்ட மரமெல்லாம் ஒன்றாகப் பால் கொடுக்க ஆரம்பித்திருந்தது. 2015-ல் இறக்குமதி வரியை 25 சதவீதமாக்கியும் (அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது) பலனில்லை. சின்னத் தோட்டக்காரர்கள் வெட்டை நிறுத்தினார்கள். மாமாவுக்கும் வேலை நின்றது. அந்த லீவில் போனபோது கேட்டார்:

"மக்களே, ஒனக்கு வெளிநாட்டுலேர்ந்து வேல வருது. எனக்க வேலய வெளிநாட்டு ரப்பர் கொண்டுபோவுது. கதவு ஒண்ணுதானே?"

அப்போது பதில் வரவில்லை. பீன்ஸ்ட்ரா, ஹான்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1997-ல் மெக்சிகோ எல்லைத் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதியதைப் பின்னால் படித்தேன். அமெரிக்கா சாதாரண வேலை என்று அனுப்புவது, மெக்சிகோவில் இறங்கும்போது படித்தவன் வேலையாகிவிடுகிறது. ஆகவே இரண்டு பக்கமும் படித்தவனுக்கே கிராக்கி கூடுகிறது. என் கதை அப்படியே பொருந்துகிறது.

மாமா கதைதான் பொருந்தவில்லை. அந்தக் கணக்கில் திறமை என்பது படிப்பு. அவர் கையில் இருப்பதற்கு அதில் இடமே இல்லை. எந்த மரம் எவ்வளவு தாங்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லுகிறவர் 'படிக்காத தொழிலாளி' வரிசையில் நிற்கிறார். நான் எழுதிய முதல் புரோகிராமை இன்று ஒரு பையன் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவான்.

2024-ல் ரப்பர் மறுபடியும் 200-ஐத் தாண்டியது. வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று பழைய முதலாளி மாமாவுக்கு ஆள் அனுப்பினார். மாமாவுக்கு இருட்டில் கண் தெரிவதில்லை. மகனுக்கு அவர் வெட்டு சொல்லிக் கொடுக்கவே இல்லை. அவன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்.

கத்தியை மட்டும் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.