கொசுத்தேனீயின் வேலை நேரம்

நம் ஊரில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. நல்லதுதான். 2014 நவம்பர் மழையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு, பழைய சுவரைக் காப்பாற்றுகிறவர் மேல் மரியாதைதான் வரும். என் குறை வேறு. பூசும்போது கொத்தனார் எல்லாப் பொந்தையும் சிமெண்டால் அடைத்துவிடுகிறார். சில பொந்துகளில் கொசுத்தேனீ குடியிருக்கிறது.

பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஒரு துளை. அதன் வாயில் மெழுகும் பிசினும் கலந்து கட்டிய சிறு குழாய். சுற்றிலும் கொசு அளவில் கறுப்பாகச் சில பூச்சிகள். இவை கொட்டாது. மிகவும் தொந்தரவு செய்தால் தலைமயிரில் புகுந்து கடிக்கும், அவ்வளவே. தேனைச் சின்னச் சின்ன மெழுகுக் குடங்களில் சேர்த்து வைக்கும். பள்ளியில் ஃபாப்ர் எழுதிய பூச்சிக் கதைகளைப் பிரெஞ்சில் படித்தோம். ப்ரொவான்ஸ் தேனீயின் பழக்கமெல்லாம் அத்துப்படி. நம் சுவரில் இருந்ததன் பெயரைப் பாட்டிதான் சொன்னாள்.

எங்கள் திண்ணைக்கு மேலே ஒரு கூடு பல வருஷமாக இருக்கிறது. வருகைப் பதிவேட்டோடு காலம் தள்ளியவனாயிற்றே, அவற்றின் நேரத்தைக் கவனிப்பது பழக்கமாகிவிட்டது. விடியும்போது வாசலில் காவல் நிற்கும் நாலைந்து தலை மட்டும் தெரியும். வெயில் ஏறினால்தான் வேலை. சித்திரையில் ஆறரைக்கெல்லாம் கிளம்பும்; மார்கழியில் எட்டாகிவிடும். காலையில் திரும்புகிறவற்றின் பின்னங்காலில் மகரந்தம் ஒட்டியிருக்கும். பூ மலரும் நேரம் அது, தாமதித்தால் மற்றவை வாரிக்கொண்டு போய்விடும். பத்து மணி முதல் நண்பகல் வரை வாசலில் நெரிசல். உச்சிவெயிலில் தணியும். பிறகு வருபவை பெரும்பாலும் வெறுங்கால்தான். தேன் வயிற்றில் இருக்கும். இடையிடையே பிசின் உருண்டை. மழை பிடித்தால் விடுமுறை. பொழுது சாய்ந்தால் கடை சாத்தியாயிற்று. இளசுகளுக்கு உள்வேலை, வயதானவற்றுக்கு வெளிவேலை என்பது அங்குள்ள ஏற்பாடு. நம்மைப் போன்றவர்கள் இதைப் பெரிதாகப் பேசாமல் இருப்பது நல்லது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பதினோரு மணிக்கு அடைத்தால் வெளியே போனவை வாசல் தெரியாமல் பூசிய இடத்தையே சுற்றும். ராத்திரி அடைத்தால் குடும்பமே உள்ளே சமாதி. மலைத்தேனீ போல விரட்டினால் வேறிடம் போகவும் வழியில்லை. முட்டையிடும் ராணிக்கு வயிறு பெருத்து, பறக்கவே முடியாது.

ஆகவே துளையைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் பூசச் சொல்லுங்கள். சுவரையே இடித்தாக வேண்டுமென்றால் கூட்டைப் பானைக்கு மாற்றலாம். கேரளத்தில் மூங்கிலிலும் மண்பானையிலும் இதை வளர்க்கிறார்கள்; வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் ஆய்வே நடக்கிறது. மெக்சிகோவில் மாயா மக்கள் இதன் பெரிய உறவுக்காரத் தேனீயை மரத்துண்டுகளில் காலங்காலமாக வளர்த்து வருகிறார்கள். மாற்றியதும் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. இருட்டும் வரை பழைய வாசல் இருந்த இடத்திலேயே வைத்திருந்தால், வெளியே போனவை அதற்குள் வந்துசேரும்.

விருந்தினர்கள் பயப்படுகிறார்கள் என்றார் ஒரு விடுதிக்காரர். அதற்கு மருந்து அடிப்பானேன்? "இவை கொட்டாது" என்று ஒரு பலகை மாட்டட்டும். தமிழிலும் பிரெஞ்சிலும் நானே எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம்.