வெற்றி உணவுத் தட்டிலா?

மராத்தான் ஓட்டத்தில் ஒருவர் வாகை சூடிவிட்டால், உலகம் அவரிடம் கேட்கும் முதற் கேள்வி, "என்ன உண்கிறீர்கள்?" என்பதுதான். போட்டி எதுவும் இல்லாத மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்பவர் அரியர். காரணம் வெளிப்படை. உணவைப் பின்பற்றுவது எளிது. முட்டையும் இறைச்சியும் இன்று மாலையே வாங்கிவிடலாம். ஐந்தாண்டுக் காலைப் பொழுதுகளை எந்தச் சந்தையில் வாங்குவது? இந்த எளிமையை நம்பித்தான் ஒரு பெருங்கூட்டம் பிழைக்கிறது. அரிசியை விலக்கு என்கிறது ஒரு புத்தகம். கொழுப்பை விலக்கு என்கிறது மற்றொன்று. காலையில் பட்டினி கிட என்கிறது இன்னொன்று. வீரர் செய்த சோதனை வேறு, அவர் பெயரால் விற்கப்படும் பத்தியம் வேறு. இதனை மாணவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்களே அந்தப் பத்தியத்தைக் கையிலேந்தித் திடலுக்கு வருவதுதான் வருந்தத்தக்கது.

நெடுந்தொலைவு ஓட்டக்காரரின் ஆண்டு இரு கூறானது. போட்டிப் பருவம் ஒன்று. போட்டியில்லாப் பருவம் மற்றொன்று. ஊரார் கண்ணிற்படுவது முன்னது. பின்னதை வெறும் ஓய்வென்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்தைத் தகர்த்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் உழைத்த அவர் தம் உடலையே சோதனைக்களம் ஆக்கினார். எவ்வளவு தொலைவு ஓடினால் உடல் தளர்கிறது, எவ்வளவு ஓடினால் வலுக்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். முடிவில் அவர் கண்டது, போட்டியில்லா மாதங்களில் வாரத்திற்கு 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர், மூச்சுத் திணறாத வேகத்தில் ஓட வேண்டும் என்பது. 800 மீட்டர் ஓடும் பீட்டர் சினெல்லையும் ஞாயிறுதோறும் வைட்டாக்கரே மலைச்சாலையில் 22 மைல் ஓடச் செய்தார். இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும் ஓட்டத்திற்கு இத்துணைத் தொலைவா? 1960 செப்டம்பர் 2ஆம் நாள் ரோம் ஒலிம்பிக் திடல் இதற்கு விடை கூறியது. சினெல் 800 மீட்டரிலும், ஒரு கை சூம்பிய மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் அதே நாளில் தங்கம் பெற்றனர். சில நாட்களில் பாரி மெகீ மராத்தானில் வெண்கலம் வென்றார். மூவரும் லிடியார்டிடம் பயின்றவர்கள்.

இது மந்திரமன்று. 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோசி என்னும் ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்து அவற்றின் தசையை ஆராய்ந்தார். உயிர்வளியைக் கொண்டு எரிபொருளை ஆற்றலாக மாற்றும் நுண்ணுறுப்பாகிய மைட்டோகாண்டிரியாவின் திறன் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. இத்தகைய மாற்றம் மெல்ல நிகழ்வது. பயிற்சியை விட்டால் சில வாரங்களிலேயே குன்றுவது. போட்டிக்கு முந்திய வாரத்தில் எதை உண்டும் அதனை வருவிக்க இயலாது. உழாத வயலில் உரத்தைக் கொட்டி என்ன பயன்?

அப்படியாயின் உணவுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, பெரும்பங்கே உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மராத்தானின் 42.195 கிலோமீட்டரை ஓடி முடிக்க ஏறத்தாழ 2,500 கலோரி ஆற்றல் செலவாகும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்தோ பெரும்பாலும் 2,000 கலோரி அளவினதே. உடலில் கொழுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அது மெதுவாக எரிவது. 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்கள் கல்லாகிவிட்டன என்று ஓட்டக்காரர்கள் கூறுவதன் பொருள் பெரிதும் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

இதன் நுட்பத்தை வெளிப்படுத்திய சோதனை ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லப்பட வேண்டியது. சுவீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்னும் இரு மருத்துவ ஆய்வாளர்கள் ஒரே மிதிவண்டிப் பொறியின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தனர். அந்தக் கால் ஓய்ந்துபோகும் வரை மிதித்தனர். பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, இரு கால்களின் தசையிலிருந்தும் ஊசியால் சிறு துண்டெடுத்து அளந்தனர். உழைத்த காலில் சேர்ந்திருந்த கிளைக்கோஜன், உழைக்காத காலில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்கு! 1966இல் வெளிவந்த இம்முடிவை ஊன்றி நோக்குக. ஒரே உடல், ஒரே குருதி, ஒரே உணவு. மாறியது உழைப்பு மட்டுமே. உணவு இரு கால்களுக்கும் பொதுவாகத்தான் சென்றது. உழைத்த கால்தான் அதனை மிகுதியாக வாங்கி வைத்துக்கொண்டது. பத்தியம் விற்போர் இந்தச் செய்தியின் பிற்பாதியை மறந்தும் சொல்வதில்லை.

அடுத்த ஆண்டே அந்தக் குழுவினர் மற்றுமொன்றைக் காட்டினர். கலப்புணவு உண்டவர்கள் கடும் வேகத்தில் ஏறத்தாழ 115 நிமிடம் மிதிக்க முடிந்தது. கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டபோது அது 60 நிமிடமாகச் சுருங்கியது. மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பின் 170 நிமிடமாக நீண்டது. இதிலிருந்து ஒரு முறை பிறந்தது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு நெடுந்தொலைவு ஓடித் தசையை வறிதாக்குவது. மூன்று நாள் மாவுச்சத்தை அறவே ஒதுக்குவது. கடைசி மூன்று நாள் அதனையே நிரம்ப உண்பது.

இதனை மராத்தான் களத்திற்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ரான் ஹில். அவர் நெசவு வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1969இல் ஏதென்சில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் இம்முறையைப் பின்பற்றி ஓடி, கடைசிக் கிலோமீட்டரில் பெல்ஜியத்தின் காஸ்டன் ரோலண்ட்சைக் கடந்து தங்கம் வென்றார். 1970இல் பாஸ்டனில் 2 மணி 10 நிமிடம் 30 நொடி. அதே ஆண்டு எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் 2 மணி 9 நிமிடம் 28 நொடி. உலகம் விழித்துக்கொண்டது. எதைப் பற்றி? மூன்று நாள் இறைச்சியும் மூன்று நாள் மாவுணவும் பற்றி!

ஆனால் ரான் ஹில் யார்? 1956 முதல் தாம் ஓடிய ஒவ்வோர் ஓட்டத்தையும் குறிப்பேட்டில் எழுதி வந்தவர். பணிக்கு ஓடியே சென்று, ஓடியே திரும்பியவர். 1964 டிசம்பரில் தொடங்கி 2017 சனவரி வரை, 52 ஆண்டுகளுக்கு மேல், ஒரு நாளும் தவறாமல் குறைந்தது ஒரு மைலேனும் ஓடியவர். 1993இல் கார் விபத்தில் மார்பெலும்பு முறிந்த பின்னரும் அவர் அதனை நிறுத்தவில்லை. இதனை உறுதி என்பதா, பிடிவாதம் என்பதா? மாணவர்க்கு இது முன்மாதிரியாகாது என்பதில் ஐயமில்லை. எனினும் ஏதென்சில் அவரைத் தாங்கிய கால்கள் அந்த ஒரு வாரத்தில் முளைத்தவை அல்ல. அதே ரான் ஹில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆறாவதாகத்தான் வந்தார். பத்தியமே வெற்றியாயின் அந்த ஆறாம் இடத்திற்கு யார் விடை கூறுவது?

வேடிக்கை இன்னும் இருக்கிறது. 1981இல் அமெரிக்காவின் ஷெர்மன், காஸ்டில் குழுவினர் அந்த மூன்று நாள் விரதமே தேவையற்றது என்று காட்டினர். நன்கு பயின்ற ஓட்டக்காரர் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு, கடைசி மூன்று நாள் மாவுச்சத்தைக் கூட்டினாலே போதும். தசை ஏறத்தாழ அதே அளவு நிரம்பிவிடுகிறது. விரதம் தந்தவை தலைசுற்றலும் எரிச்சலும் தளர்ச்சியுந்தான். அறிவியல் தன் முடிவைத் திருத்திக்கொண்டது. திருத்தம் காதில் விழாமல் பழைய முறையைப் பிடித்துக்கொண்டு துன்புற்றவர் பின்னும் பல்லாண்டு இருந்தனர்.

"அறிவியல் ஆயிரம் சொல்லட்டும், எனக்குப் பலித்தது" என்பார் உளர். இந்த ஒரு சொல்லே எல்லா வாதத்தையும் வாயடைக்கப் போதும் என்று அவர்கள் கருதுகிறார்கள். 1983இல் வெளிவந்த ஸ்டீபன் பின்னியின் ஆய்வை அவர்கள் பெரிதும் மேற்கோள் காட்டுவர். மிதிவண்டி வீரர் ஐவர் நான்கு வாரம் மாவுச்சத்தை ஏறத்தாழ முற்றாக விலக்கி, கொழுப்பையே நம்பி வாழ்ந்தனர். சோதனைக்கு முன் அவர்கள் சராசரியாக 147 நிமிடம் மிதித்தனர். பின்பு 151 நிமிடம். குறையவே இல்லை, பார்த்தீர்களா என்பது வாதம். ஆனால் அந்த ஐவருள் ஒருவர் 148 நிமிடத்திலிருந்து 232 நிமிடத்திற்குத் தாவியிருந்தார். அந்த ஒருவரை நீக்கிப் பார்த்தால் சராசரி கீழே இறங்கிவிடும். ஐவரில் ஒருவருக்குப் பலித்ததை ஐந்து கோடிப் பேருக்கும் பொதுவாக்குவது எந்த அறம்?

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் கோவிந்தசாமி சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் பெற்ற நாளிலிருந்து மலேசியத் தமிழருக்கு வேகநடை அயலான விளையாட்டன்று. அவ்விளையாட்டின் உலகத்தர வீரர்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூன்று வாரக் கடும்பயிற்சி அனைவர்க்கும் பொது. கொழுப்புணவை உண்டவர்களின் தசை கொழுப்பை மிகுதியாக எரிக்கக் கற்றுக்கொண்டது உண்மை. ஆனால் அதே வேகத்தில் நடக்க முன்னினும் கூடுதலான உயிர்வளி தேவைப்பட்டது. 10 கிலோமீட்டர் நடையில் மாவுச்சத்து உண்டவர்கள் தங்கள் நேரத்தைக் குறைத்தனர், கொழுப்புணவினர் குறைக்கவில்லை. உழைப்பின் பயனையே உணவு விழுங்கிவிட்டது.

வளர்ந்த வீரர் தம் உடலை எப்படியும் சோதித்துக்கொள்ளட்டும். அஃது அவர் உரிமை. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் இது வரும்போது தீங்காகிறது. "எடை குறைந்தால் வேகம் கூடும்" என்னும் அரைகுறை உண்மையைக் கேட்ட மாணவி இரவுச் சோற்றை விடுகிறாள். சில வாரம் வேகம் கூடவும் கூடுகிறது. பயிற்றுநர் பாராட்டுகிறார். உள்ளே உடலோ, வருவாய் குன்றிய குடும்பம்போல் ஒவ்வொரு செலவாக நிறுத்தத் தொடங்குகிறது. மாதவிலக்கு நின்றுபோகிறது, எலும்பு மெலிகிறது, காயமேதும் படாமலே காலெலும்பில் கீறல் விழுகிறது. 1992இல் அமெரிக்க மருத்துவர்கள் இவற்றை ஒருசேரக் கண்டு பெயரிட்டனர். 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு, ஆற்றல் பற்றாக்குறையால் வரும் இக்கேடு ஆடவரையும் தாக்குவது என்று அறிவித்தது. எலும்பு தன் வலிமையின் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது வளரிளம் பருவத்தில். அப்போது இழந்ததை முப்பது வயதில் முழுமையாக ஈட்ட இயலாது. ஒரு பள்ளிக் கோப்பைக்கு இவ்வளவு விலையா?

இதற்கு மறுதலையான ஒரு கூட்டமும் உண்டு. "இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? முன்னோர் உண்டதை உண்டால் போதும்" என்பது அவர்கள் கட்சி. வள்ளுவரையும் துணைக்கழைப்பர். மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறளில் ஆறு உணவைப் பற்றியவை என்பது மெய்யே. ஆனால் அவ்வாறும் முன்னுண்டது செரித்ததா, அளவு எது, உடலுக்கு ஒத்தது எது என்று பார்த்துப் பார்த்து உண்ணச் சொல்பவை. நோயுற்றவரின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என்று அதே அதிகாரம் மருத்துவனுக்குக் கூறுகிறது. சோதித்தறிய வேண்டா என்று சொல்ல வள்ளுவரை அழைப்பது அவரைப் படியாதவர் செய்யும் வேலை.

சோதனை வேண்டும், ஆனால் அதற்குரிய காலம் போட்டியில்லாப் பருவமே. அப்போது தோற்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஆறு வாரமேனும் காத்திருந்து, பலிக்காவிடில் கைவிடுவதற்கு நாட்கள் உள்ளன. போட்டிக்குப் பத்து நாள் முன்பு பயிற்சி, காலணி, உணவு, உறக்கம் நான்கையும் ஒருங்கே மாற்றிவிட்டு, வென்றால் உணவையும் தோற்றால் விதியையும் காரணமாகக் காட்டுவது சோதனையன்று, சூதாட்டம்.

ஆதலின், திடலோரத்தில் எடைபார்க்கும் பொறியை வைத்து மாணவர் பெயரை வரிசையாக அழைக்கும் ஆசிரியர்கள் முதலில் அதனை அகற்றட்டும். அவ்விடத்தில் மாணவர்க்கு ஆளுக்கொரு குறிப்பேடு கொடுக்கட்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடினான், எத்தனை மணி நேரம் உறங்கினான், காலையில் எழுந்தபோது நாடித்துடிப்பு எவ்வளவு, பசித்தபோது உண்டானா, எங்கேனும் வலி உண்டா என்பவற்றை அவனே எழுதட்டும். மாணவிகளின் உடல்நலக் குறிப்பைத் தாயோ ஆசிரியையோ மட்டுமே பார்க்கட்டும். எவ்வகை உணவை விலக்குவதாயினும் பெற்றோரும் மருத்துவரும் அறியாமல் அது நடைபெறக் கூடாது. போட்டி முடிந்த மறுவாரமே அடுத்த ஆண்டுக்குரிய ஓட்டம், மெதுவாகவும் சிறிது சிறிதாகவும், தொடங்கிவிட வேண்டும்.